டெக் சூட் வாங்கப் போகிறீர்களா? முத்திரையைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

சென்னையில் பிள்ளைகளை நீச்சல் போட்டிக்கு அனுப்புகிற பெற்றோர் கண்ணில் இது பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, போட்டியில் போடவே முடியாத ஒரு டெக் சூட்டை, அதாவது உடம்பை இறுக்கிப் பிடிக்கும் ரேஸ் நீச்சல் உடையை, என் மகள் தலையில் கட்டிவிட்டார் ஒரு வியாபாரி. அவருக்குக் கடை கிடையாது. மீட் நடக்கிற இடங்களில் பையோடு வந்து நிற்பார், பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் படம் போட்டு ஆர்டர் எடுப்பார். என்னைப் போல இன்னும் சில அம்மாக்கள் அவரிடம் வாங்கியிருக்கிறார்கள். மீட் சீசன் தொடங்கப் போவதால் அவர் திரும்பவும் வருவார்.

மகளுக்குப் பதின்மூன்று வயது. பிரெஸ்ட்ஸ்ட்ரோக் 100, 200, அப்புறம் நான்கு ஸ்ட்ரோக்கும் சேர்ந்த 200 ஐ.எம். நீந்துகிறாள். பயிற்சிக்குப் போடும் சாதாரண பாலியஸ்டர் சூட்டிலேயே இதுவரை எல்லா மீட்டும் நீந்தியவள். மாநிலப் போட்டிக்கு ஒரு நல்ல சூட் வாங்கலாம் என்று நினைத்தபோதுதான் இவர் வந்தார். “மேடம், பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல ஃபெல்ப்ஸ் போட்டாரே, அதே துணி. பாப்பா ரெண்டு செகண்ட் குறைப்பா” என்றார். போட்டிக்கு ஒப்புதல் உண்டா என்று கேட்டேன். சூட்டின் பின்பக்கம் இருந்த சின்ன முத்திரையைத் திருப்பிக் காட்டி, “இதைத் தாண்டி என்ன வேணும்?” என்றார்.

அந்த பெய்ஜிங் கதையை வேறு குளங்களிலும் அவர் சொல்லி வருவதால், அதை ஏன் நம்பக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2008-ல் பெய்ஜிங்கில் உலகமே பேசிய சூட்டில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பட்டைகள் ஒட்டியிருந்தன. அடுத்த ஆண்டு முழுக்க பாலியூரித்தேனாலேயே ஆன சூட்டுகள் வந்தன. 2009-ல் ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் விழுந்தன. ஃபெல்ப்ஸே அங்கே 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஜெர்மனியின் பீடர்மனிடம் தோற்றார். நீச்சலா, சூட்டா எது ஜெயிக்கிறது என்று பெரிய சர்ச்சை எழுந்து, 2010 ஜனவரி 1 முதல் அந்த வகை சூட்டுகளுக்குத் தடை வந்தது. இப்போது நெய்த அல்லது பின்னிய துணி மட்டும்தான் செல்லும். தடிமன் 0.8 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஜிப் கூடாது. ஆண்களுக்குத் தொப்புளுக்குக் கீழிருந்து முட்டி வரைக்கும்தான். பெண்களுக்குத் தோளிலிருந்து முட்டி வரை இருக்கலாம், கழுத்தை மூடக் கூடாது. ஆக, அவர் சொன்னது உண்மையாகவே இருந்திருந்தாலும் அந்தச் சூட்டைப் போட்டுக்கொண்டு இன்று குளத்தில் இறங்க முடியாது.

போட்டி அன்று நடந்தது இது. மீட் அறிவிப்பிலேயே ஒப்புதல் பெற்ற சூட் மட்டும்தான் என்று போட்டிருந்தார்கள். 200 பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு முன்னால் ரேஸுக்கு முன் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் ‘கால் ரூமில்’ ஒரு அதிகாரி மகளின் முத்திரையைப் பார்த்தார். எழுத்து லேசாக உரிந்திருந்தது. அதிலிருந்த எண்ணைப் போனில் தட்டிப் பார்த்தவர், இது பையன்கள் இடுப்பிலிருந்து முட்டி வரை போடும் ஜாம்மருக்கு உரிய எண் என்றார். ஒரு பெண்கள் சூட்டில் ஜாம்மரின் ஒப்புதல் எண்! மாற்றிக்கொண்டு வா, நேரம் தருகிறேன் என்று அவர் கனிவாகத்தான் சொன்னார். ஆனால் தோலோடு ஒட்டிக் கிடக்கும் அந்தச் சூட்டை அவசரத்தில் கழற்றுவது எவ்வளவு பாடு என்று போட்டவர்களுக்குத்தான் தெரியும். கழற்றும்போதே இடுப்பருகே ஒட்டுத் தையல் பிரிந்துவிட்டது. பழைய சூட்டில், அழுத முகத்தோடு, மூச்சுகூட நிதானத்துக்கு வராத நிலையில் அவள் ஸ்டார்டிங் பிளாக்கில் ஏறினாள். அந்த ரேஸுக்காக அவள் விடியற்காலையில் எழுந்து போனதை நான் பார்த்தவள். அந்த ஆளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

முத்திரையைச் சரிபார்ப்பது உண்மையில் சுலபமான வேலை. உலக நீச்சல் அமைப்பான வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ் ஒப்புதல் கொடுத்த சூட்டுகளின் பட்டியலை அதன் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். சூட்டின் பின்பக்க முத்திரையில் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு இருக்கும். அதை அந்தப் பட்டியலில் தேடி, நிறுவனப் பெயர், மாடல் பெயர், ஆணா பெண்ணா என்பது மூன்றும் கையில் இருக்கும் சூட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். முத்திரையில் ஃபினா என்று பழைய பெயர் இருப்பதை வைத்து மட்டும் போலி என்று முடிவு செய்யாதீர்கள், அமைப்பின் பெயர் பின்னால்தான் மாறியது. குறியீடு பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. முன்பணம் கேட்பவரிடம் முத்திரையின் படத்தைத் தெளிவாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையானவர் உடனே அனுப்புவார்.

அடுத்தது அளவு. இதிலும் எங்களை ஏமாற்றினார். டெக் சூட்டுகள் 22, 24, 26 என்று வரும். ஒவ்வொரு நிறுவனமும் மார்பு, இடுப்பு, உடல் நீளம் பார்த்து ஓர் அளவு அட்டவணை கொடுத்திருக்கும். அட்டவணைப்படி மகளுக்கு 26. அவரிடம் இருந்தது 22. “இறுக்கமா இருந்தாத்தான் வேலை செய்யும், ரெண்டு சைஸ் குறைச்சுத்தான் எல்லாரும் வாங்குறாங்க” என்று அடித்துச் சொன்னார். கையில் இருந்த சரக்கைத் தள்ளிவிடச் சொன்ன பேச்சு அது. அட்டவணையே அந்த இறுக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் போடப்படுகிறது. போட்ட பிறகு கையை முழுக்கத் தூக்க முடிய வேண்டும், உட்கார்ந்து எழ முடிய வேண்டும், ஆழமாக மூச்சு விட முடிய வேண்டும். தோள்பட்டை வார் தோலை வெட்டினாலோ கால் மரத்துப் போனாலோ அந்த அளவு தவறு.

பாணியைத் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளை எந்த ஸ்ட்ரோக் நீந்துகிறாள் என்று கேட்காமல் சூட் காட்டுபவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். முட்டி வரை வரும் நீ-ஸ்கின்னில் முதுகு திறந்தது, மூடியது என்று இரண்டு உண்டு. திறந்த முதுகு போடச் சுலபம், தோளுக்கும் நல்ல அசைவு கிடைக்கும். மூடியது இடுப்பையும் கீழ் முதுகையும் இன்னும் கொஞ்சம் பிடித்து வைக்கும், ஆனால் உடல் நீளமான பிள்ளைகளுக்குத் தோளை இழுக்கும். துணியிலும் வித்தியாசம் இருக்கிறது. நெய்த துணி கெட்டியாக அழுத்தும், பின்னிய துணி கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக் நீந்துகிறவர்களுக்குத் தொடையும் இடுப்பும் தாராளமாக விரிய வேண்டும், கிக்கில்தான் அவர்களுடைய பாதி பலம். என் மகளுக்கு அவர் கொடுத்ததோ மூடிய முதுகு, கெட்டித் துணி, இரண்டு அளவு குறைவு. அதைப் போட்டுக்கொண்டு அவளால் முட்டியை மடக்கவே முடியவில்லை.

சென்னை ஈரக்காற்றில் இந்தச் சூட்டுகளைப் போடுவதே தனி வேலை. வேர்த்த உடம்பில் துணி நகராது. உடம்பை நன்றாகத் துடைத்துவிட்டு, காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி, நகம் படாமல் விரல் நுனியால் தொடையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலேற்ற வேண்டும். வாரைப் பிடித்து இழுத்தால் கிழியும். அரைமணி நேரம் ஒதுக்கி வையுங்கள். வார்ம்-அப்புக்குப் பழைய சூட் போதும். கூச்சத்துக்காக உள்ளே இன்னொரு சூட் போட்டு அனுப்புகிற வீடுகள் உண்டு. விதிப்படி ஒரே ஒரு சூட்தான், கவனம்.

முட்டி வரை மறைவாக வேண்டும் என்பது மட்டும்தான் உங்கள் காரணம் என்றால் டெக் சூட்டே தேவையில்லை. பாலியஸ்டர் லெக்சூட் அதே அளவுக்கு மறைக்கும், விலையும் மிகக் குறைவு, குளோரினையும் நன்றாகத் தாங்கும். அந்த வியாபாரி “ஃபுல் கவர் மேடம்” என்று சொல்லித்தான் பல வீடுகளில் விற்றிருக்கிறார். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதுக்குள் என்றால் நான் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். அமெரிக்காவில் 2020 செப்டம்பர் முதல் 12 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் போட்டிகளில் டெக் சூட் போடக் கட்டுப்பாடு வைத்துவிட்டார்கள். வளருகிற உடம்பு, அடுத்த சீசனில் அந்தச் சூட் ஏறாது. அந்தப் பணத்தை டர்ன், ஸ்டார்ட் பயிற்சிக்குக் கொடுத்தால் டைமிங் நிச்சயம் குறையும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “போட்ட சூட்டை யார் வாங்குவாங்க மேடம்?” என்றார். பில் கேட்டபோது குழுவிலிருந்தே வெளியேறிவிட்டார். பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் முப்பது நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டேன். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, முத்திரையின் படம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். அவரிடம் வாங்கிய மற்றவர்களும் சூட்டைத் தூக்கிப் போடாமல், முத்திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அதே எண்ணில் புகார் கொடுங்கள்.