கட்சி சார்ந்த அமைப்பா, சுயேச்சையா?

தில்லிப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தமிழ் மாணவர்கள் சிலர், கட்சி சார்ந்த பெரிய மாணவர் அமைப்பில் சேர்வதா, கல்லூரி மாணவர் சங்கத் தேர்தலில் சுயேச்சையாக நிற்பதா என்று தயங்குகின்றனர்.

செலவு: மாணவர் தேர்தல்களுக்கு விதிகளை வகுத்த லிங்டோ குழுவின் 2006ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வேட்பாளர் ஒருவர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது; அச்சடித்த சுவரொட்டிக்கும் இடமில்லை. கையால் எழுதி ஒட்ட, சுயேச்சைக்கு அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். பெரிய அமைப்புகளின் வேட்பாளர் பெயர்களோ பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகச் சுவர்களில் அப்பிக் கிடந்ததுண்டு. 2024இல் அந்த அலங்கோலத்தை அகற்றும்வரை வாக்குகளை எண்ணக் கூடாதென்று தில்லி உயர் நீதிமன்றமே தடுத்தது. சட்டம் படிக்கும் பிள்ளைகளும் அதற்குக் கூசியதாகத் தெரியவில்லை.

எளிமை: பல்கலைக்கழக மாணவர் சங்கப் பதவிக்குப் பல கல்லூரிகளில் வாக்கு கேட்க வேண்டியிருப்பதால், இந்தியில் தடுமாறுபவருக்கு அமைப்பின் ஆள்பலமின்றி அது இயலாது. கல்லூரிப் பதவிக்கோ, விடுதியில் கதவைத் தட்டி, குடிநீர் இயந்திரம் எப்போது சரியாகும் என்ற கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தால் போதும்.

நிலைப்பு: தேர்தலில் தோற்றவருக்கும் அமைப்பில் ஏதேனும் பணி உண்டு; சுயேச்சையின் பணி படிப்போடு முடியும்.

அரசியலையே வாழ்வாகக் கொள்ள விரும்புபவருக்கு அமைப்பு பொருந்தும். அமைப்புப் பணியால் வகுப்புகள் தவறி வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் வேட்புமனுவே செல்லாது என்பதால், படிப்பை முதன்மையாகக் கருதும் முதலாண்டு மாணவருக்குச் சுயேச்சை வழியையே பரிந்துரைப்பேன்.