போனுக்கும் டேப்லெட்டுக்கும் ஒரே சார்ஜர்: 20 வாட் முதல் 100 வாட் வரை எது பொருந்தும், எந்தக் கேபிள் வேண்டும்

சார்ஜர் வாங்கும்போது பெட்டியின் முகப்பில் இருக்கும் 65, 100 என்ற பெரிய எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். சார்ஜரின் உடம்பில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் ‘அவுட்புட்’ வரிகளைப் படியுங்கள். எத்தனை வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் தரும் (இரண்டையும் பெருக்கினால் வாட்) என்ற அந்த வரிகள்தான் உங்கள் போன் வேகமாக ஏறுமா என்பதைச் சொல்லும். 100 வாட் சார்ஜரில் மாட்டிய சாம்சங் போன், அதே கம்பெனியின் 25 வாட் சார்ஜரில் ஏறுவதைவிட மெதுவாக ஏறுவது உண்டு. அந்த 100 வாட் சார்ஜரில் பி.பி.எஸ். (வோல்ட்டேஜைச் சின்னப் படிகளில் மாற்றித் தரும் வசதி) என்ற ஒரு வரி இல்லாததுதான் காரணம்.

யூஎஸ்பி-சி முனையில் சார்ஜரும் போனும் பேசிக்கொள்வதற்கென்றே ‘சிசி’ என்ற பின் (சிறு உலோகத் தொடுமுனை) இருக்கிறது. கேபிளை மாட்டியதும் சார்ஜர் 5 வோல்ட் மட்டும் கொடுக்கும். அடுத்து, தன்னால் தரக்கூடிய வோல்ட், ஆம்பியர் ஜோடிகளை அந்தப் பின் வழியாகச் சொல்லும். போன் அவற்றில் தனக்கு ஒத்துவருவதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இதற்குப் பெயர் யூஎஸ்பி பவர் டெலிவரி, சுருக்கமாக பி.டி. வழக்கமான படிகள் 5, 9, 15, 20 வோல்ட். கேட்காத வோல்ட்டேஜைச் சார்ஜர் தராது என்பதால், 20 வாட் வாங்கும் போனை ஒழுங்கான 100 வாட் சார்ஜரில் மாட்டினாலும் பேட்டரிக்கு ஆபத்தில்லை. ‘வாட் கூடினால் பேட்டரி கெட்டுவிடும்’ என்ற பயம் பலரைப் பழைய 10 வாட் சார்ஜரிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. அந்தப் பயம் தேவையே இல்லை.

பி.பி.எஸ். இந்த பி.டி.யின் ஒரு பிரிவு. சாதாரண பி.டி.யில் வோல்ட்டேஜ் 5-இலிருந்து 9-க்கு ஒரே தாவலாகத் தாவும். பி.பி.எஸ்.ஸில் 20 மில்லிவோல்ட், 50 மில்லிஆம்பியர் என்ற சின்னச் சின்னப் படிகளில் போன் கேட்டு வாங்கலாம். பேட்டரியின் வோல்ட்டேஜ் ஏற ஏற, அதற்குச் சரியாக இரு மடங்கைச் சார்ஜரிடம் கேட்டு, உள்ளே பாதியாக்கி ஏற்றுவது இன்றைய பல போன்களின் முறை. 9 வோல்ட்டை வாங்கிப் போனுக்குள்ளேயே குறைக்கும்போது உண்டாகும் சூட்டில் பெரும்பகுதி இதில் மிச்சமாகிறது. சூடு குறைந்தால் போன் தன் வேகத்தைத் தானே மட்டுப்படுத்தும் அவசியமும் குறையும். சார்ஜரில் ‘பிபிஎஸ்: 3.3-11 வோல்ட்’ என்பதுபோல ஒரு வீச்சு அச்சிட்டிருந்தால் இந்த வசதி இருக்கிறது என்று அர்த்தம்.

இனி வகை வகையாகப் பார்க்கலாம்.

ஆப்பிளின் 20 வாட் சார்ஜரில் இரண்டே வரிகள்: 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2.22 ஆம்பியர். ஐபோன் 8 முதல் வந்த பெரும்பாலான மாடல்களை ஏறக்குறைய அரை மணி நேரத்தில் பாதி ஏற்றிவிடும். ஐபோன் மட்டும் வைத்திருப்பவருக்கு இது போதும். டேப்லெட்டுக்கு வரும்போதுதான் கணக்கு இடிக்கிறது. 12.9 அங்குல ஐபேட் ப்ரோவின் பேட்டரி சுமார் 41 வாட்-மணி. 20 வாட்டில் இடைவிடாமல் ஏற்றினாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சூட்டில் போகும் இழப்பையும், கடைசி 20 சதவீதம் எப்போதும் மெதுவாக ஏறுவதையும் சேர்த்தால் மூன்று மணியை நெருங்கும். இரவில் மாட்டிவைப்பவருக்குப் பரவாயில்லை, அவசரத்துக்கு உதவாது. பி.பி.எஸ். இல்லாததால் சாம்சங் போனுக்கும் இது ஏற்றதல்ல.

சாம்சங்கின் 25 வாட் சார்ஜரில் 9 வோல்ட் 2.77 ஆம்பியர் வரியோடு 3.3-5.9 வோல்ட் 3 ஆம்பியர், 3.3-11 வோல்ட் 2.25 ஆம்பியர் என இரண்டு பி.பி.எஸ். வீச்சுகள் உண்டு. 25 வாட் ஏற்கும் கேலக்ஸி போனுக்கு இது கச்சிதம். ஐபோனையும் வேகமாகவே ஏற்றும். 30 வாட் சார்ஜர்களில் பி.பி.எஸ். உள்ளதாகப் பார்த்து எடுத்தால் பிக்சல் போன்களுக்கும் சரியாக இருக்கும்.

45 வாட்டில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா போன்ற போன்களும் டேப் எஸ்9 வரிசையும் 45 வாட் வரை ஏற்கும். ஆனால் அந்த வேகத்துக்கு இந்தப் போன்கள் ஏறத்தாழ 10 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் கேட்கின்றன. ஆகவே பி.பி.எஸ். 3.3-11 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். சாம்சங்கின் 45 வாட் சார்ஜரில் அது 4.05. வேறு கம்பெனிகளின் பல 45 வாட் சார்ஜர்களில் அதே வரியில் 3 ஆம்பியர்தான் இருக்கும். 45 வாட் என்ற எண்ணை அவை 15 வோல்ட் 3 ஆம்பியர் வரியிலிருந்து எடுத்திருக்கும். அதுவும் பொய் இல்லை, ஐபேடுக்கு அது பயன்படும். ஆனால் கேலக்ஸி போன் அதில் 25 வாட் நிலையிலேயே நின்றுவிடும். பூட்டிய திரையில் ‘சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங் 2.0’ என்று வந்தால் 45 வாட் நிலை. ‘2.0’ இல்லாமல் வந்தால் 25. வெறும் ‘ஃபாஸ்ட் சார்ஜிங்’ என்றால் சுமார் 15.

போனும் டேப்லெட்டும் இருக்கும் வீட்டுக்கு எங்கள் பரிந்துரை, இரண்டு யூஎஸ்பி-சி வாயில்கள் உள்ள 65 வாட் சார்ஜர். வாங்குமுன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, பி.பி.எஸ். 3.3-11 வோல்ட் வரியில் 4 ஆம்பியருக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டாவது, இரண்டு வாயிலிலும் ஒரே நேரத்தில் மாட்டினால் வாட் எப்படிப் பிரிகிறது என்பது. 45-க்கு 20 என்று பிரிந்தால் நல்லது: டேப்லெட்டுக்கு முதல் வாயில், போனுக்கு இரண்டாவது. மூன்றாவது, பழைய செவ்வக யூஎஸ்பி-ஏ வாயிலும் சேர்ந்திருந்தால் அது எந்த வாயிலோடு பங்கு போடுகிறது என்பது. சில சார்ஜர்களில் இரண்டாம் சி வாயிலும் ஏ வாயிலும் சேர்ந்து இயங்கும்போது இரண்டுக்கும் மொத்தம் 5 வோல்ட் 3 ஆம்பியர், அதாவது 15 வாட்தான் கிடைக்கும். ஒரு வாட்ச்சை அதில் மாட்டியதும் பக்கத்து வாயிலில் இருந்த போனின் வேகம் சட்டென்று இறங்குவது இதனால்தான்.

இரண்டாவது சாதனத்தை மாட்டும் கணத்தில் முதல் சாதனத்துக்குச் சார்ஜ் ஓரிரு வினாடி நின்று மறுபடி வருவது பழுதல்ல. வாட்டைப் புதிதாகப் பங்கிட, சார்ஜர் எல்லா வாயில்களிலும் பேச்சைத் தொடக்கத்திலிருந்து நடத்துகிறது.

100 வாட், அதற்கு மேற்பட்டவை மடிக்கணினியும் கூட இருந்தால் மட்டும். ‘கேன்’ (GaN) என்று பெட்டியில் போட்டிருப்பது காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரைக் குறிக்கும். சார்ஜர் சிறிதாகும், அவ்வளவுதான். போன் ஏறும் வேகம் அதனால் கூடாது.

ஓப்போ, ஒன்பிளஸ், ரியல்மீ போன்களின் சூப்பர்வூக் முறை தனி வழி. அதன் 65 வாட் என்பது 10 வோல்ட் 6.5 ஆம்பியர். பொது பி.டி. கேபிளின் உச்சமே 5 ஆம்பியர்தான். ஆகவே அந்த வேகம் வேண்டுமென்றால் பெட்டியோடு வந்த சார்ஜரும் பெட்டியோடு வந்த கேபிளும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்றை மாற்றினாலும் வேகம் விழும். அந்தச் சார்ஜரில் வேறு கம்பெனி டேப்லெட்டை மாட்டும் எண்ணம் இருந்தால் அதன் அவுட்புட் வரிகளில் 9 வோல்ட், 15 வோல்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 5 வோல்ட் 2 ஆம்பியர் மட்டும் இருந்தால் டேப்லெட்டுக்கு 10 வாட்தான்.

கேபிளுக்கு வருவோம். நல்ல சார்ஜரைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, கையில் கிடைத்த கேபிளை மாட்டுவதால்தான் பாதிப் புகார்கள் வருகின்றன.

இரு முனையும் யூஎஸ்பி-சி ஆன சி-சி கேபிள் எதுவானாலும் 3 ஆம்பியர் தாங்க வேண்டும் என்பது விதி. 20 வோல்ட்டில் அது 60 வாட். 5 ஆம்பியர் பாய வேண்டுமென்றால், கேபிளின் முனைக்குள் ‘ஈ-மார்க்கர்’ என்ற சிறு சிப் இருந்தாக வேண்டும். சார்ஜர் அந்தச் சிப்பைப் படித்துப் பார்த்து, இல்லையென்றால் 3 ஆம்பியருக்கு மேல் தர முன்வராது. ஆகவே 45 வாட் கேலக்ஸிக்கு ‘60 வாட்’ கேபிள் போதாது. வாட் கணக்கில் போதும் போலத் தெரியும், ஆம்பியர் கணக்கில் இடிக்கும். ‘100 வாட்’ அல்லது ‘240 வாட்’ என்று குறித்த கேபிள் இரண்டுமே 5 ஆம்பியர் தாங்குபவை. புதிதாக வாங்குவதானால் 240 வாட் குறியுள்ளதை எடுங்கள். 2021-இல் வந்த பி.டி. 3.1 விதிப்படி 48 வோல்ட் வரை தாங்கும் கேபிள் அது.

அதிலேயே டேட்டா வேகம் யூஎஸ்பி 2.0 என்று இருப்பது சார்ஜுக்கு மிக நல்ல தேர்வு. உள்ளே கம்பிகள் குறைவு, கேபிள் வளைந்துகொடுக்கும். 40 ஜிகாபிட் கேபிள்கள் விறைப்பானவை, பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும், விலையும் கூட. சார்ஜுக்காக அவை வேண்டியதில்லை. டேப்லெட்டை மானிட்டரோடு இணைக்க வேண்டுமென்றால் மட்டும் கதை வேறு. யூஎஸ்பி 2.0 கேபிளில் படம் போகாது. சார்ஜுக்கு ஒன்று, மானிட்டருக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்வதே நல்லது.

நீளத்துக்கும் கம்பியின் தடிமனுக்கும் உள்ள உறவைக் கவனியுங்கள். 28 கேஜ் செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. கேபிள் 2 மீட்டர் என்றால் மின்சாரம் போக 2, திரும்ப 2, மொத்தம் 4 மீட்டர்: 0.85 ஓம். அதில் 3 ஆம்பியர் ஓடினால் இரண்டரை வோல்ட் கேபிளிலேயே தீர்ந்துவிடும். 5 வோல்ட்டில் ஏறும் சாதனத்துக்கு மிஞ்சுவது பாதி. போன் வோல்ட்டேஜ் விழுவதைக் கண்டு கரண்டைக் குறைத்துக்கொள்ளும். 22 கேஜ் கம்பியில் அதே 2 மீட்டருக்கு இழப்பு சுமார் 0.64 வோல்ட்தான். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமன் என்பதை மறக்காதீர்கள். ஒரு மீட்டர் போதுமென்றால் ஒரு மீட்டரே வாங்குங்கள்.

ஒரு முனை யூஎஸ்பி-ஏ, மறுமுனை யூஎஸ்பி-சி ஆன ஏ-சி கேபிளில் பி.டி. ஓடாது. சார்ஜர் பக்கத்து ஏ முனையில் சிசி பின்னே கிடையாது. குவால்காமின் வேகச் சார்ஜ் முறைகளான குவிக் சார்ஜ் 2.0, 3.0 போன்றவை டேட்டா கம்பிகள் வழியே பேசுவதால் அதில் ஓடும். ஆப்பிளின் பழைய லைட்னிங் வாயிலுள்ள ஐபோன்களுக்கு சி-லைட்னிங் கேபிள் இருந்தால்தான் அரை மணியில் பாதி ஏறும் அந்த வேகம் கிடைக்கும். இன்னொரு எச்சரிக்கை: ஏ-சி கேபிளுக்குள் 56 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். தரமற்றவற்றில் 10 கிலோஓம் வைத்திருந்தால், பழைய கணினியின் பலவீனமான வாயிலிலிருந்து போன் 3 ஆம்பியர் இழுக்கப் பார்க்கும், வாயிலே கருகலாம். காந்த முனைக் கேபிள்கள், மூன்று தலைக் கேபிள்கள், சி-சி நீட்டிப்புக் கேபிள்கள் மூன்றையும் தவிர்க்கச் சொல்கிறோம். நீட்டிப்புக் கேபிளை யூஎஸ்பி விதியே ஏற்பதில்லை. முன்னால் மாட்டிய கேபிளின் ஈ-மார்க்கர் 5 ஆம்பியர் என்று சொல்லும், பின்னால் உள்ள நீட்டிப்பு அதைத் தாங்குமா என்று யாரும் கேட்பதில்லை.

சில மலிவு இயர்பட் பெட்டிகளும் விளக்குகளும் சி-சி கேபிளில் சார்ஜே ஏறாமல், ஏ-சி கேபிளில் மட்டும் ஏறும். சார்ஜர் பழுதென்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அந்தச் சாதனத்தில் சிசி பின்னுக்கான 5.1 கிலோஓம் ரெசிஸ்டரை வைக்காமல் விட்டிருப்பார்கள். உலோக முதுகுள்ள டேப்லெட்டைச் சார்ஜில் வைத்துத் தடவும்போது விரலில் லேசாக ஊறுவதுபோல இருப்பது, எர்த் பின் இல்லாத சார்ஜரின் இரைச்சல் வடிகட்டும் கபாசிட்டர் வழியே கசியும் மிகச் சிறு கரண்ட். தரமான சார்ஜரில் இதற்குப் பயப்பட வேண்டாம். சுரீரென்று அடித்தால் அந்தச் சார்ஜரை உடனே கழற்றிவிடுங்கள்.

வாங்கியதைச் சோதிக்க ஒரு சிறிய யூஎஸ்பி-சி பவர் மீட்டர் போதும். போனில் 20 முதல் 40 சதவீதம் சார்ஜ் இருக்கும்போது, திரையை அணைத்து, உறையைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்துப் படியுங்கள். 80 சதவீதத்துக்கு மேல் எந்தச் சார்ஜரிலும் எண் விழும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். எண் குறைவாக இருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். மாற்றம் இல்லையென்றால் மற்ற வாயிலில் இருப்பதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் போனைக் குளிரவிட்டு மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகும் கேபிள் முனை முழுதாக உள்ளே போகாமல் ஆடினால், போனை அணைத்துவிட்டு, வாயிலுக்குள் சேர்ந்திருக்கும் பஞ்சை மரப் பல்குச்சியால் மெல்ல வெளியே எடுங்கள். ஊசியோ குண்டூசியோ வேண்டாம். நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கில்தான் அத்தனை பின்களும் இருக்கின்றன.