மாரா, செரெங்கெட்டி, க்ரூகர்: எந்தக் காட்டுக்கு டிக்கெட் போடலாம்?

ஆப்பிரிக்க சஃபாரி போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எங்கே சிங்கம் நிறைய?" என்றுதான். மூன்று இடத்திலும் சிங்கம் உண்டு. மூன்று நாள் தங்கினால் பெரும்பாலும் பார்த்துவிடலாம். நான் வேறு ஒன்றைக் கேட்பேன்: சிங்கத்தைப் பார்த்த பிறகு உங்கள் வண்டி என்ன செய்யலாம்? பாதையை விட்டுப் புல்லில் இறங்கலாமா, இருட்டிய பிறகும் காட்டில் இருக்கலாமா, பக்கத்தில் எத்தனை வண்டி வந்து முட்டும்? சஃபாரியின் சுகம், செலவு இரண்டுமே இந்த விதிகளில்தான் இருக்கின்றன.

கென்யாவின் மசாய் மாராவும் தான்சானியாவின் செரெங்கெட்டியும் உண்மையில் ஒரே நிலம். நடுவில் வேலி கிடையாது. மாரா சுமார் 1,500 சதுர கி.மீ.; செரெங்கெட்டி தேசியப் பூங்கா ஏறக்குறைய அதைப்போல் பத்து மடங்கு. மாட்டைப் போலிருக்கும் மான் வகையான வில்டபீஸ்ட் பதின்மூன்று லட்சமும் இரண்டு லட்சம் வரிக்குதிரையும் மழையைத் துரத்திக்கொண்டு வருடம் முழுக்க இதற்குள் வட்டமடிக்கின்றன. ஆனால் அவை நடந்து கடக்கிற அதே எல்லையைச் சுற்றுலா வண்டி கடக்க முடியாது. பூங்காவுக்கு வெளியே போய், இசெபானியா சோதனைச்சாவடி வழியாகச் சுற்றித்தான் வரவேண்டும். "மூன்று நாள் மாரா, அப்படியே இரண்டு நாள் செரெங்கெட்டி" என்று திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு பகல் முழுக்கச் சாலையிலேயே போய்விடும்.

மாராவுக்குக் கூட்டம் குவிவது ஜூலை முதல் அக்டோபர் வரை. தெற்கே புல் காய்ந்துவிடும். வறட்சியிலும் வற்றாமல் ஓடுவது மாவ் காட்டிலிருந்து வரும் மாரா நதி. மந்தைகள் அதைக் கடக்கும், முதலைகள் காத்திருக்கும். டிவியில் எல்லோரும் பார்த்த காட்சி. டிவியில் தெரியாதது, கரையில் வரிசைகட்டும் வண்டிகள். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது மாராவில் விதி. சீசனில் அதை யார் மதிக்கிறார்கள் என்று நதிக்கரையில் நின்றால் தெரிந்துவிடும். மந்தையின் வழியையே வண்டி மறிப்பதும் உண்டு. கட்டணமும் சீசனைப் பார்த்தே ஏறுகிறது: வெளிநாட்டவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200. பெரியவர்கள் இரண்டு பேர் மூன்று நாள் போனால் நுழைவுக்கே 1,200 டாலர். அறையும் வண்டியும் தனி.

அதே நதி தான்சானியாவுக்குள்ளும் ஓடுகிறது என்பதை ஏஜென்டுகள் அவ்வளவாகச் சொல்வதில்லை. செரெங்கெட்டியின் வடகோடியில் கோகாடெண்டே என்ற இடம். அதே நதி கடக்கும் காட்சி, அதே முதலை, மாராவைவிடக் குறைந்த வண்டிகள். சஃபாரிகள் கிளம்பும் ஆருஷா நகரத்திலிருந்து ரோட்டில் போனால் முதுகு கழன்றுவிடும் என்பதால், பெரும்பாலோர் சிறு விமானத்தில்தான் போகிறார்கள். அதில் 15 கிலோதான் அனுமதி, அதுவும் மடங்குகிற துணிப்பையில். சக்கரம் வைத்த பெட்டியை ஆருஷாவிலேயே விட்டுவிட்டுப் போகவேண்டும். நம் ஊர் முறுக்கையும் புளிக்காய்ச்சலையும் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப்போகிறவர்களுக்கு இன்னொன்று: கென்யாவில் 2017 முதல், தான்சானியாவில் 2019 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. டப்பாதான் வழி.

சரி, நதி கடப்பதைப் பார்க்காவிட்டால் நஷ்டமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னைக் கேட்டால் பிப்ரவரியில் செரெங்கெட்டியின் தெற்கே, என்டூட்டு பக்கம் போகச் சொல்வேன். பக்கத்து எரிமலைகள் கொட்டிய சாம்பல் படிந்த மண் அது. அடியில் இறுகிய தட்டு இருப்பதால் மரம் வேர்விடாது, குட்டைப்புல் மட்டும் வளரும். அந்தப் புல்லில் சுண்ணாம்புச் சத்து அதிகம். பாலூட்டும் தாய்களுக்கு அதுதான் வேண்டும். அதனால்தான் மந்தை முழுவதும் அங்கே போய்க் குட்டி போடுகிறது. சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான குட்டிகள். பிறந்த சில நிமிடங்களில் எழுந்து நிற்கும், உடனே ஓடவும் தொடங்கும். கழுதைப்புலியும் சிவிங்கிப்புலியும் பக்கத்திலேயே இருக்கும். மரமில்லாத வெளி என்பதால் கண்ணுக்கு எட்டிய தூரம் எல்லாம் தெரியும். நதிக்கரையில் ஆறு மணி நேரம் காத்திருந்து ஏமாந்து திரும்புகிற கதையே இங்கே இல்லை.

செரெங்கெட்டிக் கட்டணம் வரியோடு சுமார் 83 டாலர், 24 மணி நேரத்துக்கு. மாரா டிக்கெட்டோ காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைதான். ஆனால் செரெங்கெட்டி போகும் வழியில் என்கொரொங்கொரோ என்ற எரிமலைப் பள்ளப் பகுதிக்கும் பணம் கட்டவேண்டும். அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினால் வண்டிக்குத் தனியாக 250 டாலர், வரி வேறு. காண்டாமிருகம் பார்க்க அது நல்ல இடம். ஒட்டகச்சிவிங்கி மட்டும் அங்கே இருக்காது.

மாராவையே நிம்மதியாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. காப்பகத்தை ஒட்டி மாரா நார்த், ஓலாரே மோடோரோகி, நபோய்ஷோ போன்ற கன்சர்வன்சிகள் உள்ளன. மசாய்க் குடும்பங்களின் சொந்த நிலத்தை வாடகைக்கு எடுத்து நடத்துவது. அங்கே தங்குகிறவர்களின் வண்டிகள் மட்டுமே உள்ளே ஓடும். பாதையை விட்டு இறங்கலாம், இரவில் போகலாம், கைடோடு நடக்கலாம். விலை கடிக்கும். ஆனாலும் நாளைக் குறைத்தாவது இங்கே தங்குவது, காப்பகத்தின் வாசலில் மலிவாக ஐந்து நாள் தங்குவதைவிட மேல் என்பது என் கணக்கு.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் முற்றிலும் வேறு ஜாதி. 1926-இல் தேசியப் பூங்கா ஆனது, 19,000 சதுர கி.மீ.க்கு மேல். உள்ளே தார்ச்சாலை உண்டு. வாடகைக் காரில் நீங்களே ஓட்டலாம்; நம்மைப் போலவே இடதுபக்கம். தாரில் 50 கி.மீ., மண்ணில் 40 என்பது வேக வரம்பு. கேட் மூடும் நேரத்துக்குள் முகாம் திரும்பாவிட்டால் அபராதம். நுழைவு நாளுக்கு 600 ரேண்ட் அளவில்தான், மாரா சீசன் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அரசு முகாம்களில் அடுப்போடு குடில் கிடைக்கும், சாம்பார் வைத்தே சாப்பிடலாம். சைவக்காரர்களுக்கு இது பெரிய வசதி. கென்யாவும் மோசமில்லை, சப்பாத்தியும் சாயும் அங்கே சுவாஹிலிச் சொற்களாகவே ஆகிவிட்டன.

ஆனால் க்ரூகரில் சொந்தமாக ஓட்டும்போது கண் பழகவே இரண்டு நாள் ஆகும். முள்காடு அடர்த்தி. பழகாத கண்ணுக்குப் புதருக்குள் கிடக்கும் சிறுத்தை சிக்கவே சிக்காது. அதனால் முகாமிலேயே கிடைக்கும் மாலை டிரைவையும் காலை நடையையும் ஒருமுறையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். கேட் மூடிய பிறகும் விளக்கோடு வெளியே இருப்பது அந்த அரசு வண்டிதான். துப்பாக்கியோடு இரண்டு ரேஞ்சர்கள் முன்னால் நடக்க, யானைச் சாணத்தைக் கிளறிப் பார்த்தபடி போகும் காலை நடையில் பெரிய விலங்கு எதுவும் வராவிட்டாலும் பரவாயில்லை. இந்த நடைக்கு மட்டும் பன்னிரண்டு வயதுக்குக் கீழே பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை.

சிறுத்தைதான் குறி என்றால், க்ரூகரை ஒட்டிய சபி சாண்ட். தனியார் நிலம், நடுவில் வேலி 1993-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. வண்டியின் முன்மூக்கில் தனி இருக்கையில் டிராக்கர் உட்கார்ந்து தடம் பார்ப்பார்; ஒரு விலங்கின் அருகே இரண்டு மூன்று வண்டிதான். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை புல் காய்ந்திருக்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும். செலவு கன்சர்வன்சி அளவுக்கு, சிலவற்றில் அதைத் தாண்டியும்.

பிள்ளைகளோடு முதல்முறை, பட்ஜெட்டும் இறுக்கம் என்றால் க்ரூகர். வெளியைப் பார்க்கவேண்டும், ஒருமுறைதான் போவேன் என்றால் பிப்ரவரி என்டூட்டு. கென்யா என்று முடிவானால் கிளம்புவதற்குப் பத்து நாளைக்கு முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் கிடைக்கும். அந்தச் சான்று இல்லாமல் இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்திவிடுவார்கள்.