முடிச்சூரில் அரை கிரவுண்டு தனி வீடு: வாங்கலாமா?

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் சாலையில் போனால், உள்தெருக்களில் இப்படிப்பட்ட வீடுகள்தான் அடிக்கடி விலைக்கு வருகின்றன: 1,200 சதுர அடி மனை, கிழக்குப் பார்த்த வாசல், இரண்டு படுக்கையறை, பின்பக்கம் ஒரு போர்வெல். இங்கே மதிப்பிடுவது தரைத்தளம் மட்டும் உள்ள, இருபது வயதை நெருங்கும் ஒரு வீட்டை.

கட்டுமானம் நன்று. வெளிச்சுவர் 9 அங்குலம். மொட்டை மாடியில் தட்டோடு பதித்திருக்கிறார்கள். உள்ளே சீலிங்கில் ஈரத்தடம் இல்லை. இருபக்கமும் இடைவெளி விட்டிருப்பதால் பகலில் விளக்கு தேவைப்படாது. சமையலறை மட்டும் நெருக்கம்.

பெரிய குறை உயரம்தான். வாசலில் ஐந்து படி கட்டியிருக்கிறார்கள், இன்று வெளியே தெரிவது இரண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்ப ரோடு போட்டதில் தெரு ஏறிவிட்டது. போர்டிகோவிலும் மண் கொட்டி ஏற்றியிருக்கிறார்கள். ஆக, வீட்டுத் தரை தெருவைவிட ஓர் அடிதான் மேலே. முடிச்சூரில் அது போதாது. பக்கத்திலேயே அடையாறு. 2015 நவம்பரிலும் டிசம்பரிலும் இந்தப் பகுதி மூழ்கியது ஊருக்கே தெரியும். பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள். ஆனாலும் 2021, 2023 மழைகளில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றது. விற்பவர் "இப்போ தண்ணி வர்றதில்லைங்க" என்றால், காம்பவுண்டு சுவரின் உள்பக்கத்தைப் பாருங்கள். மேலே வெள்ளையாகவும் கீழே மட்டும் பெயிண்ட் பொருமியும் இருந்தால், அந்தக் கோடுதான் பதில்.

வெள்ளம் வாசல் வழியாக வருவதற்கு முன்பே கழிவறை வழியாக வந்துவிடும். தெருவில் தண்ணீர் மட்டம் ஏறியதும் சேம்பர் (கழிவுக் குழாய்கள் சேரும் தொட்டி) நிரம்பி, குழாயில் எதிர்த்து ஏறி, பேசினில் பொங்கும். கடைசி சேம்பரில், தண்ணீரை வெளியே மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு வைத்தால் இது நிற்கும். அதன் மடலில் தலைமுடியும் பிளாஸ்டிக்கும் சிக்கினால் முழுதாக மூடாது. செப்டம்பரிலேயே கழற்றிக் கழுவ வேண்டும். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது என்பதை மறக்க வேண்டாம்.

சம்ப் (நிலத்தடி தண்ணீர்த் தொட்டி) மூடி தரையோடு தரையாக இருக்கிறது. சுற்றி இரண்டடி செங்கல் கட்டி மூடியை மேலே ஏற்றுங்கள். வெள்ளநீர் புகுந்துவிட்டால் பதறி உடனே முழுதும் இறைக்கக்கூடாது: வெளியே நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது காலி சம்ப்பைக் கீழிருந்து அது தூக்கும், அடித்தளம் வெடிக்கும். சுற்றுப்புறம் வடிந்த பின் இறைத்து, தேய்த்துக் கழுவி, நீர் நிரப்பி, 10,000 லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ பிளீச்சிங் பவுடர் கரைத்து ஓர் இரவு விட்டு, அந்த நீரை வெளியேற்றிவிட்டுப் புது நீர் பிடிக்க வேண்டும்.

பிளக் பாயின்ட்கள் எல்லாம் தரையிலிருந்து ஓர் அடியில். நாலடிக்கு மாற்ற வேண்டும். மோட்டார் ஸ்டார்ட்டரும் அப்படியே.

ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கலாம் என்று சொல்வார்கள். தூக்க முடியும், உண்மைதான். ஆனால் தண்ணீர், கழிவுக் குழாய் இணைப்பு எல்லாம் புதிதாக வேண்டும். தரையை உடைத்து மண் நிரப்பி மீண்டும் டைல்ஸ் போட வேண்டும். அந்தச் செலவைக் கணக்கிட்டு விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அக்கம்பக்கத்தைக் குறை சொல்ல முடியாது. தாம்பரம், பெருங்களத்தூர் இரண்டு ரயில் நிலையங்களும் கைக்கெட்டும் தூரம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை போகும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை அருகிலேயே. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு நிம்மதி. ஊரில் வயதான பெற்றோர் இருப்பவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் 30 வருட வில்லங்கமும் பட்டாவும் மட்டும் பார்த்தால் போதாது. புல வரைபடத்தில் மனையை ஒட்டி ஓடையோ வாய்க்காலோ வரைந்திருக்கிறதா என்று சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள்; தரையில் வாய்க்கால் தூர்ந்து போயிருந்தாலும் வரைபடத்தில் இருக்கும்.