மாணிக்கம் என்று சொல்லி கார்னெட்டை விற்கிறார்கள், ஜாக்கிரதை

மோதிரத்துக்கு மாணிக்கம் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். "அசல் மாணிக்கம், நூற்றுக்கு நூறு இயற்கைக் கல்" என்று அடித்துச் சொல்லி எனக்கு விற்கப்பட்டது கார்னெட் என்கிற வேறொரு சிவப்புக் கல். இயற்கைக் கல் என்பது உண்மைதான், மாணிக்கம் என்பது பச்சைப் பொய்.

விற்றவர் என் கண் முன்னாலேயே சோதனை செய்து காட்டினார். கல்லின் விளிம்பால் ஒரு கண்ணாடித் துண்டில் கீறினார், கோடு விழுந்தது. "பார்த்தீங்களா, போலின்னா கீறுமா?" என்றார். ஒரு பொருள் எவ்வளவு கீறலைத் தாங்கும் என்பதை 1 முதல் 10 வரை சொல்கிற மோ அளவில் கண்ணாடியின் கடினத்தன்மை சுமார் 5.5தான். கார்னெட் வகையைப் பொறுத்து 6.5இலிருந்து 7.5 வரை, மாணிக்கம் 9, ஆக இரண்டுமே கீறும், மணலில் இருக்கிற சாதாரண குவார்ட்ஸ்கூடக் கீறும். அப்புறம் கல்லை என் கையில் வைத்து, கனத்தைப் பாருங்க என்றார். மாணிக்கத்தின் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, கிட்டத்தட்ட 4, கார்னெட்டுக்கு வகையைப் பொறுத்து 3.6இலிருந்து 4.3 வரை போகும், உள்ளங்கையில் வைத்து இதை யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எந்தெந்தச் சோதனையில் இரண்டு கல்லும் ஒரே மாதிரி தேறுமோ அதை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டியிருக்கிறார். தெரியாமல் செய்கிற வேலை இல்லை இது.

போட்டுக்கொண்டு திரிந்ததில் பட்டைகளின் விளிம்பு மழுங்க ஆரம்பித்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. லென்ஸில் பார்த்தால், கத்தி மாதிரி கூராக இருக்க வேண்டிய கோடுகள் அங்கங்கே தேய்ந்து வெளுத்திருந்தன. நாம் தினமும் துடைக்கிற தூசியிலேயே குவார்ட்ஸ் துகள் இருக்கிறது, அதன் கடினத்தன்மை 7. மாணிக்கத்தை அது ஒன்றும் செய்யாது, கார்னெட்டை மெல்ல மெல்லத் தேய்த்துவிடும்.

சரி என்று ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரில் ஒளிவிலகல் எண் 1.76 என்று வந்தது, அது மாணிக்கத்துக்கும் பொருந்துகிற எண், ரோடோலைட் வகை கார்னெட்டும் அங்கேயேதான் வந்து நிற்கும். அதனால் ஒரு எண்ணை மட்டும் காட்டி யாராவது சான்று சொன்னால் நம்பாதீர்கள். மாணிக்கத்துக்குள் போகும் ஒளி இரண்டாகப் பிரியும், கல்லைத் திருப்பித் திருப்பி வைத்தால் 1.762, 1.770 என்று இரண்டு எண் கிடைக்கும். என் கல்லை எப்படி வைத்தாலும் ஒரே எண்தான்.

அப்படிப் பிரிகிற ஒளியின் இரண்டு நிறங்களையும் தனித்தனியாகக் காட்டுகிற டைக்ரோஸ்கோப் என்ற சின்னக் கருவியில் என்னையே பார்க்கச் சொன்னார்கள். உள்ளே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னக் கட்டங்கள் தெரியும். அங்கே இருந்த ஒரு நிஜ மாணிக்கத்தை வைத்தபோது ஒரு கட்டத்தில் ஊதா கலந்த சிவப்பு, அடுத்ததில் ஆரஞ்சு பக்கம் சாய்ந்த சிவப்பு, பார்த்தவுடனே வித்தியாசம் தெரிந்தது. என் கல்லை எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டிலும் ஒரே சிவப்பு, வயிறு எரிந்தது.

புற ஊதா விளக்கு காட்டுகிறவர்களும் உண்டு. குரோமியம் இருப்பதால் பல மாணிக்கங்கள் அந்த ஒளியில் சிவப்பாக மின்னும், இரும்பு கலந்த கார்னெட் அசையாமல் கிடக்கும். ஆனால் ஆலையில் செய்த செயற்கை மாணிக்கமும் நன்றாகவே மின்னும், இரும்பு அதிகமுள்ள இயற்கை மாணிக்கம் மங்கலாகவும் இருக்கலாம், அதனால் மின்னியதை வைத்துப் பணத்தை எடுக்காதீர்கள்.

அறிக்கையோடு விற்றவரிடமே திரும்பப் போனேன். பில்லை எடுத்துக் காட்டினார், அதில் "சிவப்புக் கல் ஒன்று" என்று மட்டும் இருந்தது. நான் மாணிக்கம்னு எழுதிக் கொடுக்கலையே என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். எத்தனை பேரிடம் இதே பதிலைச் சொல்லியிருப்பாரோ!

பில்லில் "இயற்கை மாணிக்கம்" என்ற வார்த்தை, காரட் எடை, சூடுபடுத்திய கல்லா, வெடிப்புகளில் கண்ணாடி நிரப்பியிருக்கிறார்களா என்ற விவரம், பரிசோதனையில் வேறு கல் என்று வந்தால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்ற வரி, இவ்வளவையும் கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் கல்லை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.