அக்கா மகளுக்காக ஒரு பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்த்த கதை

நான் மதுரையில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியன். பதிமூன்று வருடமாக இதே வேலை. அக்கா மகள் இந்த வருடம் பிளஸ் டூ பயாலஜி குரூப் முடித்தாள். நீட்டில் மார்க் வரவில்லை. "மாமா, உங்க லைன்லயே ஏதாவது படிக்கவா?" என்றாள். என் லைன் என்றால் அவளுக்கு டயாலிசிஸ், எக்ஸ்ரே, பிசியோதெரபி எல்லாம் ஒன்றுதான். அக்கா கையில் ஏற்கெனவே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் வழவழப்பான புத்தகம் வந்து சேர்ந்திருந்தது. சரி, போய்ப் பார்த்துவிடுவோம் என்று மூன்று பேருமாகப் பஸ் ஏறினோம். பெயர் வேண்டாம். இதே மாதிரி இடங்கள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கின்றன.

அட்மிஷன் ஹாலில் ஏசி, காபி, கையில் டேப்லெட் வைத்த ஒரு தம்பி. பாப்பா எந்தப் படிப்பைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "நல்ல ஸ்கோப் மேடம், ஃபாரின் போகலாம்." நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. டயாலிசிஸ் படிப்பு மொத்தம் எத்தனை மணி நேரம்? அவர் டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "மூணு வருஷம் ப்ளஸ் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப் சார்" என்றார்.

கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு துணை மருத்துவப் படிப்புகளுக்கென்று ஒரு தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. அதில் படிப்பின் வகையைப் பொறுத்துக் குறைந்தது 2,000 அல்லது 3,600 மணி நேரம் என்று எழுதியிருக்கிறது. நான் படித்த காலத்தில் இப்படி எதுவும் கிடையாது. நான் டிப்ளமோதான். ஆனால் முதல் மாதமே வார்டில் நிற்க வைத்துவிட்டார்கள். இந்த மணிக்கணக்கில் எவ்வளவு வகுப்பறை, எவ்வளவு நோயாளி பக்கம் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. துறைத் தலைவரைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அக்கா முழங்கையால் இடித்தாள்.

டயாலிசிஸ் லேப் அழகாக இருந்தது. உறை போட்டு மூடிய மூன்று மெஷின்கள், ஊசி போட்டுப் பழக ஒரு ரப்பர் கை. துறைத் தலைவர் நல்ல மனிதர். மணிக்கணக்கைத் தாளே பார்க்காமல் சொன்னார். அப்புறம் அவர்களுடைய மருத்துவமனை யூனிட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே ஆறு மெஷின், நான்கு ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு ஷிஃப்ட். ஆக, எல்லாம் ஓடினாலே ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நோயாளிகள். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். மூன்று வகுப்பு, அதோடு இன்டர்ன்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிஸ்டுலா என்பது டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் ஆபரேஷன் செய்து இணைத்த இடம். அதில் ஊசி போடுவதைத் தெரியாதவர்கள் சாதாரண விஷயம் என்று நினைப்பார்கள். அந்தக் கைதான் நோயாளிக்கு உயிர். வாரம் இரண்டு மூன்று தடவை அதே இடத்தைச் சுற்றி இரண்டு தடித்த ஊசி ஏற வேண்டும். ஒரு தடவை தவறிக் குத்தினால் கை வீங்கி, அன்றைய டயாலிசிஸே நின்றுபோகலாம். அதனால் புதுப் பையன் பக்கத்தில் வந்தாலே அவர்கள் கையை இழுத்துக்கொள்வார்கள். அது நியாயம்தான். நிறைய நோயாளிகள் வரும் யூனிட்டில்தான், நரம்பு நன்றாகப் புடைத்த, பொறுமையான ஒரு பெரியவரைப் பார்த்து, சீனியர் பக்கத்தில் நிற்க, பையனைப் போடச் சொல்ல முடியும். அங்கே நின்றிருந்த மூன்றாம் வருடத்துப் பையனிடம், "எத்தனை ஃபிஸ்டுலா போட்டிருக்கே தம்பி?" என்று கேட்டேன். "பார்த்திருக்கேன் சார்" என்றான். அவன் கையில் பிரஷர் எழுதும் தாள் இருந்தது.

பழக்க தோஷம், டயாலிசிஸுக்கான தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. பிளான்ட்டையும் எட்டிப் பார்த்தேன். நான்கு மணி நேர டயாலிசிஸில் ஒரு நோயாளியின் ரத்தத்துக்கு மறுபக்கம் சுமார் 120 லிட்டர் தண்ணீர் ஓடும். நடுவில் இருப்பது மெல்லிய சவ்வு மட்டும். குளோரின் தங்கிய தண்ணீர் போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். அதனால் ஷிஃப்ட் தொடங்கும் முன் சோதித்து நோட்டில் எழுத வேண்டும். நோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுதியும் இருந்தார்கள். மறுநாள் காலைக் கட்டத்தையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். துறைத் தலைவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிள்ளைகள் பாடத்தைவிட இந்த நோட்டைத்தான் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். பாப்பாவிடம் அந்த நிமிடமே சொல்லிவிட்டேன், இங்கே டயாலிசிஸ் வேண்டாம்.

ரேடியாலஜி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் இருக்கின்றன, கூட்டமும் இருக்கிறது. ஆனால் எக்ஸ்ரே அறையில் நின்ற நான்கு மாணவர்களில் ஒருவர் சட்டையில்கூட டி.எல்.டி. பேட்ஜ் இல்லை. உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதை அந்தச் சின்ன வில்லைதான் சொல்லும். கேட்டதற்கு "டியூட்டி போடும்போது கொடுப்போம்" என்றார்கள். அப்போது அந்த நான்கு பேரும் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

பிசியோதெரபி பரவாயில்லை. காலை பத்து மணிக்கே ஓ.பி. நிரம்பி வழிந்தது, மாணவர்கள் கைகள் சும்மா இல்லை. ஆனால் பாப்பாவுக்கு அதில் ஆர்வமில்லை.

கிளம்பும் நேரத்தில்தான் காது, பேச்சு சம்பந்தமான பி.ஏ.எஸ்.எல்.பி. துறைக்குப் போனோம். புத்தகத்தில் அதற்குக் கால் பக்கம்கூட இல்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன வரவேற்பு, வாசலில் ஏழெட்டுத் தாய்மார்கள் குழந்தைகளோடு. ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா என்று நான் வாயைத் திறக்கும் முன்பே அந்த மேடம் சுவரில் மாட்டியிருந்த கடிதத்தைக் காட்டினார். இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரிக்காத இடத்தில் இதைப் படித்தால் பதிவு எண் கிடைக்காது, தொழிலும் செய்ய முடியாது. வகுப்புக்கு இருபது பேருக்கும் குறைவு.

சத்தம் புகாத அறையைக் கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள். அம்மா மடியில் இரண்டு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. எதிரே ஒரு மாணவி பொம்மையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கவாட்டு ஸ்பீக்கரில் சத்தம் வரும்போது குழந்தை திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பவில்லை. மேடம் மைக்கில் மெதுவாக, "பொம்மையைக் கொஞ்சம் இறக்கும்மா. நீ இவ்வளவு ஆட்டினா அவ உன்னையேதான் பார்ப்பா, சத்தம் கேட்டாலும் திரும்ப மாட்டா" என்றார். மாணவி பொம்மையை மடியில் வைத்து விரலால் லேசாக அசைத்தாள். அடுத்த சத்தத்துக்குக் குழந்தை இடப்பக்கம் திரும்பியது. பாப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

கட்டண விஷயம். புத்தகத்தில் போட்டிருப்பது டியூஷன் ஃபீஸ் மட்டும். சேர்க்கைக் கட்டணம், தேர்வுக் கட்டணம், சீருடை, மருத்துவமனைப் பயிற்சிக்கு (போஸ்டிங்) போகும் பஸ் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதியபோது வருடத்துக்கு முப்பத்தெட்டாயிரம் கூடியது. இன்டர்ன்ஷிப் வருடத்துக்கும் பாதி ஃபீஸ் உண்டாம். வேலையும் பார்த்துவிட்டுப் பணமும் கட்டு என்பது எனக்கு ஜீரணமாகவில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் டயாலிசிஸ், ரேடியாலஜி பட்டப்படிப்புகளுக்குச் சில ஆயிரங்கள்தான். அங்கே எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் பொதுவாகத் தேர்வு வைக்கிறது. நிகர்நிலையில் பாடம் நடத்துவது, கேள்வித்தாள் எடுப்பது, திருத்துவது எல்லாம் அவர்களே. நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேனரில் போட்டிருந்ததைப் பார்த்து அக்கா அசந்துபோனாள், நான் அசரவில்லை.

ஒரே வளாகம், ஒரே லோகோ, ஆனால் மாடிக்கு ஒரு தரம். டயாலிசிஸுக்குப் பத்துக்கு மூன்று போடுவேன், அதுவும் துறைத் தலைவருக்காக. ரேடியாலஜிக்கு ஐந்து, பிசியோவுக்கு ஏழு, பி.ஏ.எஸ்.எல்.பி.க்கு எட்டரை. அந்த ஒன்றரை, ஃபீஸுக்காகக் குறைத்தது.

பி.ஏ.எஸ்.எல்.பி.க்கு மட்டும் விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அரசு கவுன்சலிங் ரேங்க் லிஸ்ட் வரட்டும் என்று முன்பணம் கட்டவில்லை. "டயாலிசிஸ்ல ரெண்டே சீட்தான் இருக்கு சார்" என்று அந்த டேப்லெட் தம்பி இதுவரை ஐந்து தடவை போன் பண்ணிவிட்டார். மூன்று வாரமாக அதே ரெண்டு சீட்.