1,150 ரூபா ஃபுட்பால் பூட்ஸ்: ஒரு தடைக்காலம் முழுக்கப் போட்டுப் பாத்தாச்சு

மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்ச ரெண்டாவது நாள் வாங்குனது இது. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மண்டபத்துல எங்க ஆளுங்க பாதிப் பேரு வலை கட்டுவாங்க எஞ்சினைப் பிரிச்சுப் போடுவாங்க, மீதிப் பேரு சாயங்காலம் நாலரை ஆனா பந்தைத் தூக்கிட்டு கெளம்பிருவோம். சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் டீமுக்கு ஏழு பேரு ஆடுற செவன்ஸ் டோர்னமெண்ட் வேற நடக்கும். எனக்கு வயசு 34, இத்தனை வருஷமும் வெறுங்கால்லதான் ஆடிட்டு இருந்தேன். போன வருஷம் கருவேலமுள்ளு குதிகால்ல ஏறி உள்ளயே ஒடிஞ்சு, சீழ் வச்சு, பத்து நாள் நொண்டுனதுல வீட்ல கண்டிஷனா சொல்லிட்டாங்க, பூட்ஸ் இல்லாம கிரவுண்டுக்குப் போனா சோறு கெடையாதுன்னு.

ராமநாதபுரத்துல அரண்மனைப் பக்கம் ஒரு ஸ்போர்ட்ஸ் கடையில வாங்குனேன். கடை பேரு கம்பெனி பேரு ரெண்டும் எழுதல, ஏன்னு கடைசியில புரியும். பெட்டியில ஜலந்தர்னு போட்டிருந்துச்சு, அந்த ஊருன்னா நம்பி வாங்கலாம்னு ஒரு நெனப்பு எனக்கு. பிரிவினைக்கு முன்னாடி, இப்ப பாகிஸ்தான்ல இருக்குற சியால்கோட்டுல பந்து, பேட்டு, பூட்ஸ் செஞ்சுட்டு இருந்த ஆளுங்கள்ல நெறையப் பேரு 1947-ல இந்தப் பக்கம் வந்து ஜலந்தர்ல அந்தத் தொழில ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு வரைக்கும் நம்மூர்ல வர்ற பந்துல பாதிக்கு மேல அங்கயும் மீரட்லயும் தச்சதாத்தான் இருக்கும்.

மொதல்ல நல்லதைச் சொல்லிடுறேன். வெயிட் கம்மி. நம்பிக்கை இல்லாம எதுத்தாப்புல மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசுல வச்சுப் பாத்தேன், ஒத்தைக் கால் 245 கிராம், ஒரு நல்ல கொடுவாச் செதில் அளவு கூட காலுக்குத் தெரியல. கணுக்காலுக்குக் கீழயே கட் ஆகுற டிசைன், மேல் தோல் ரெக்ஸின்தான் ஆனா மெல்லிசு, பந்து பட்டா எந்த விரல்ல பட்டுச்சுன்னு உள்ள இருந்து தெரியுது. வெறுங்கால்ல ஆடிப் பழகுனவனுக்கு இது ரொம்ப முக்கியம், அது இல்லாததாலதான் இதுக்கு முன்னாடி ஓசியில வாங்கிப் போட்ட ரெண்டு பூட்ஸும் எனக்குப் பிடிக்கல, காலுக்கும் பந்துக்கும் நடுவுல தலகாணிய வச்ச மாதிரி இருக்கும்.

நான் பூட்ஸ் வாங்குனதுல பெரியப்பாவுக்கு ஏக வருத்தம். "இந்தியா டீமே வெறுங்கால்ல லண்டன்ல ஆடிட்டு வந்துச்சு, ஒனக்கு என்னடா பூட்ஸு"ன்னு டீக்கடையில எல்லாரு முன்னாடியும் கேட்டுட்டாரு. அவரு சொல்றது உண்மைதான். 1948 ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக், இல்ஃபோர்ட்ல கிரிக்கில்ஃபீல்ட் கிரவுண்டு, பிரான்ஸோட ஆட்டம், நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேரு வெறுங்கால்லயும் துணி சுத்துன கால்லயும்தான் எறங்குனாங்க. சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம் கூட முடியல. 2-1-ல தோத்தோம், கடைசி நிமிஷத்துல கோல் வாங்கித் தோத்தோம், அதுவும் ரெண்டு பெனால்டிய வீணடிச்சுட்டுத் தோத்தோம், அந்த ரெண்டுல ஒண்ணு போயிருந்தாக் கூட கதையே வேற. நமக்கு விழுந்த ஒரே கோல் சாரங்கபாணி ராமன் அடிச்சது, பேரைக் கேட்டாலே பக்கத்துத் தெரு ஆளு மாதிரி இருக்குல்ல. அது முடிஞ்சு அப்படியே ஆம்ஸ்டர்டாம் போயி நட்பு ஆட்டத்துல அயாக்ஸ் கிளப்பை 5-1-ன்னு அடிச்சுட்டு வந்தாங்க. கேப்டன் டாலிமெரன் ஆவ் அப்ப டாக்டருக்குப் படிச்சுட்டு இருந்தவரு, நாகா மலைக்காரரு, ஏன் பூட்ஸ் போடலன்னு கேட்ட வெள்ளக்காரன்கிட்ட நாங்க ஆடுறது ஃபுட்பால், நீங்க ஆடுறது பூட்பால்னு சொன்னதா ஒரு கதை உண்டு. பெரியப்பா இதை நூறு தடவ சொல்லியிருப்பாரு, ஒவ்வொரு தடவையும் புதுசாச் சொல்ற மாதிரியே சொல்லுவாரு.

ஆனா அவரு நிப்பாட்டுற எடத்துக்கு அப்புறமும் கதை இருக்கு. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக், அந்தக் குளுர்லயும் நம்ம ஆளுங்கள்ல நெறையப் பேரு வெறுங்கால்தான், யூகோஸ்லாவியா 10-1-ன்னு போட்டுப் பொளந்துட்டான். அதுக்கப்புறம்தான் இந்திய அசோசியேஷன் பூட்ஸைக் கட்டாயமாக்குச்சு. (1950 வேர்ல்டு கப்புக்கு வெறுங்காலுன்னு நம்மள விடலன்னு கடைக்காரரும் ஒரு கதை விட்டாரு, அது அப்படியில்லண்ணே, பிரேசில் வரைக்கும் போகணும்ங்கிற ஆசை நம்ம அசோசியேஷனுக்கே அப்ப இல்ல, ஒலிம்பிக்கைத்தான் பெருசா நெனச்சாங்க, வெறுங்கால் சமாச்சாரம் பின்னாடி ஒட்ட வச்சதுன்னு சொன்னேன், அவரு எனக்குச் சாக்ஸ் விக்கிறதுலயே குறியா இருந்தாரு.)

இப்ப பூட்ஸுக்கு வர்றேன், ஆனா அதுக்கு வேற ஒரு மேட்ச் வழியாத்தான் வரணும். நம்மள பத்து போட்ட அதே யூகோஸ்லாவியாவ அந்த ஒலிம்பிக் ஃபைனல்ல ஹங்கேரி 2-0-ன்னு அடிச்சுது. அந்த ஹங்கேரி டீமு அடுத்த வருஷம் 1953 நவம்பர் 25-ம் தேதி லண்டன் வெம்ப்ளிக்குப் போயி இங்கிலாந்தோட ஒரு ஃப்ரெண்ட்லி ஆடுச்சு. பேருதான் ஃப்ரெண்ட்லி, கப்பு கெடையாது பாயிண்டு கெடையாது, ஆனா ஒரு லட்சத்து அஞ்சாயிரம் பேரு வந்து உக்காந்திருந்தான். அது வரைக்கும் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வெளிய இருந்து வந்த எவனும் இங்கிலாந்தை அவன் மண்ணுல ஜெயிச்சதில்ல. மொத நிமிஷத்துலயே ஹிடெக்குட்டி ஒண்ணு போட்டாரு, அப்புறம் கணக்கு 6-3. ஹிடெக்குட்டி மூணு, புஷ்காஷ் ரெண்டு, போசிக் ஒண்ணு. இதுல ஹிடெக்குட்டி முதுகுல 9-ம் நம்பரு, ஆனா முன்னாடி நிக்காம நடுவுக்கு எறங்கி எறங்கி வர்றாரு, அவரைக் கட்ட வேண்டிய இங்கிலாந்து ஆளு கூடப் போறதா எடத்துல நிக்கிறதான்னு கடைசி வரைக்கும் முழிச்சுட்டே இருந்தாரு.

தடைக்காலத்துல ஒரு நாள் மழை மேகமா இருந்துச்சு, கிரவுண்டுக்குப் போகல, டீக்கடை பெஞ்சுல ஏழு பேரு ஒரே போன்ல தலைய விட்டு இந்த மேட்ச் வீடியோவப் பாத்தோம். கறுப்பு வெள்ளை, மூஞ்சி ஒண்ணும் சரியாத் தெரியல, ஆனா கால் தெரியுது. என் கண்ணு பூட்ஸ் மேலயே இருந்துச்சு, புதுசா வாங்குனவன் புத்தி அப்படித்தான். இங்கிலாந்துக்காரன் போட்டிருக்கிறது கணுக்காலை மூடுற ஒசர பூட்ஸு, கட்டித் தோலு, முனையில இறுக்கமா, ஏறக்கொறைய சாலை போடுற ஆளுங்க போடுற மாதிரி. ஹங்கேரிக்காரன் போட்டிருக்கிறது கணுக்காலுக்குக் கீழ, மெல்லிசா. அந்த மூணாவது கோலை அஞ்சு தடவ திருப்பித் திருப்பிப் போட்டோம். புஷ்காஷ் கோலுக்கு வலது பக்கம் பந்தை வாங்குறாரு, இங்கிலாந்து கேப்டன் பில்லி ரைட் சறுக்கிட்டு வர்றாரு, இவரு எடது உள்ளங்கால பந்து மேல வச்சு சர்ருன்னு பின்னாடி இழுக்குறாரு, ரைட்டு பந்து இருந்த எடத்தைத் தாண்டி, போன பஸ்ஸுக்குக் கை காட்டுற ஆளு மாதிரி அந்தப் பக்கம் போயிட்டாரு, அதே எடது கால்ல ஒரே அடி, கோல். அந்த இழுப்புக்கு அடிப்பாதம் வளையணும், பந்து எவ்வளவு வழுக்குதுன்னு பாதத்துக்குத் தெரியணும். வெறுங்கால்ல நம்ம பயலுக மணல்ல சாதாரணமாப் பண்றதுதான், ஆனா வெம்ப்ளியில, நவம்பர் குளுர்ல, பூட்ஸோட.

பூட்ஸாலதான் ஜெயிச்சான்னு சொன்னா அது கடைக்காரன் பேச்சு. அவங்க கோச் குஸ்டாவ் ஷெபெஷ் இங்கிலாந்துப் பந்து கனமா வேற மாதிரி இருக்கும்னு அந்தப் பந்தையே முன்கூட்டி வரவழைச்சு அதுலயே பழக விட்டிருக்காரு, போற வழியில பாரிஸ்ல ரெனோ கார் ஃபேக்டரி டீமோட ஒரு பிராக்டிஸ் மேட்ச் வேற. அவ்வளவு பண்ணிட்டுப் போனவன் ஜெயிக்காம என்ன பண்ணுவான். அடுத்த மே மாசம் புடாபெஸ்டுக்கு இங்கிலாந்து திருப்பி வந்து 7-1 வாங்கிட்டுப் போனது தனிக்கதை. எனக்கு அந்த வீடியோவுல ஒறச்சது ஒண்ணுதான், நல்ல பூட்ஸுன்னா வெறுங்காலோட புத்தி கெடாம முள்ளை மட்டும் தடுக்கணும். அந்த அளவுகோல்ல இந்த 1,150 ரூபா பூட்ஸ் மேல்பக்கம் பாஸ். மறுநாள் கிரவுண்டுல அந்த இழுப்பை நான் பண்ணிப் பாத்தேன், பந்து வந்துச்சு, நான் வரல, இடுப்பு பிடிச்சுக்கிச்சு, அதுக்கு பூட்ஸ் மேல பழி சொல்ல மாட்டேன்.

இனி கொறை. மொதக் கொறை அகலம். சின்ன வயசுல இருந்து கடக்கரை மணல்ல செருப்பில்லாம நடந்த பாதம் நம்ம பாதம், வெத்தல மாதிரி முன்னாடி விரிஞ்சிருக்கும், இந்த பூட்ஸோ முனையில குறுகிக்கிட்டே போகுது. நீளம் 8 சரியா இருக்கு, சுண்டுவிரல் மட்டும் உள்ள மடங்கிக் கெடக்கு. "போடப் போட இளகிடும் தம்பி"ன்னாரு கடைக்காரரு. இளகல. மூணாவது வாரம் சுண்டுவிரல் நகம் கறுத்துடுச்சு. 9 போட்டா குதிகால் கழண்டு வருது. நம்ம பக்கத்து ஆளுங்க வாங்குறதா இருந்தா கடையிலயே சாக்ஸோட போட்டு, எந்திரிச்சு நின்னு, முன்னங்கால் ஊனிப் பாத்து வாங்குங்க, ஆன்லைன்ல நம்பர் பாத்து வாங்காதீங்க, சாயங்காலம் போனா இன்னும் நல்லது, பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

ரெண்டாவது ஸ்டட். அடியில நீளமா கூம்பு கூம்பா ரப்பர் ஸ்டட், அது புல்லுத் தரைக்கு ஆனது, நம்ம கிரவுண்டோ ஏப்ரல் வெயில்ல வெடிச்சுப் போன உவர்த் தரை, அதுல இதைப் போட்டு ஓடுனா ஒவ்வொரு ஸ்டட்டும் உள்ளங்கால்ல கூழாங்கல்லு மாதிரி குத்துது. கடக்கரை மணல்ல அதுக்கு நேர்மாறு, ஸ்டட்டு நடுவுல மணல் அப்பிக்கிட்டு காலு ஒரு கிலோ ஆகுது, மணலுக்கு வெறுங்காலுதான், அதுல மாத்தம் இல்ல. தரைக்கு ஏத்த ஸ்டட் எவ்வளவு பெரிய விஷயம்னா, 1950-ல இருந்து தோல்வியே பாக்காத அந்த ஹங்கேரியே 1954 ஜூலை 4, பெர்ன்ல, வேர்ல்டு கப் ஃபைனல்ல, கொட்டுற மழையில மேற்கு ஜெர்மனிகிட்ட 3-2-ல தோத்துச்சு, எட்டு நிமிஷத்துக்குள்ள 2-0 போட்டுட்டுத் தோத்துச்சு. ஜெர்மன்காரன் கால்ல அடிடாஸ் கம்பெனிய ஆரம்பிச்ச அடி டாஸ்லர் செஞ்ச திருகு ஸ்டட் பூட்ஸு, சேத்துக்குத் தக்கன நீளமான ஸ்டட்டை மாட்டிக்கிட்டான். அதனால நம்ம தரைக்கு டர்ஃப் ஷூன்னு கேட்டு வாங்குங்க, அடியில சின்னச் சின்னப் புள்ளியா நெறைய ரப்பர் இருக்கும், அதான் சரி. இதை எனக்கு கடையில எவனும் சொல்லல.

மூணாவதுதான் வயித்தெரிச்சல். அஞ்சாவது வாரம், பக்கத்து ஊர்ல செவன்ஸ், செகண்ட் ஹாஃப்ல ஒரு ஃப்ரீகிக் அடிக்கிறேன், பந்து ஒரு பக்கம் போகுது, வலது கால் சோல் முனையில பேத்துக்கிட்டு விளமீன் வாயத் தொறந்த மாதிரி நிக்குது. தையலே கெடையாது, வெறும் பசை. உப்புத்தண்ணியும் வெயிலும் சேந்தா பசை நிக்காதுன்னு எனக்கும் தெரியும், நானும் ஆடி முடிச்சு நல்லதண்ணியில அலசி நெழல்லதான் காய வச்சேன், ஒரே ஒரு தடவதான் அவசரத்துல தகரக் கூரை மேல போட்டேன், ஒத்துக்கிறேன். கடைக்கு எடுத்துட்டுப் போனா பில்லு இருக்கான்னு கேக்குறாரு. நீங்க குடுக்கவே இல்லையேண்ணேன்னேன். பில்லு இல்லாம மாத்த முடியாதுங்குறாரு. பஸ் காசும் போச்சு.

கடைசியில வலை கட்டிக்கிட்டு இருந்த பெரியப்பாகிட்டதான் போய் நின்னேன். மனுஷன் ஒண்ணும் பேசல, பூட்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, கோணி ஊசியச் சூடு பண்ணி சோல் ஓரமா ஓட்டை போட்டாரு, தடிமனான தங்கூசிய (மீன்பிடி நைலான் நரம்பு) எடுத்து சுத்திக் கோத்து, ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு, பல்லால இழுத்து இறுக்கி, முடிச்சு முனைய பீடி நெருப்புல சுட்டு அமுக்குனாரு. அரை மணி நேரம். அதுக்கப்புறம் மூணு வாரம் ஆடுனேன், மத்ததெல்லாம் தேஞ்சுது, அந்தத் தையல் அசையல. "லண்டனுக்குப் போனவனுக்குக் கூட இந்தத் தையல் கெடைக்கல"ன்னு மட்டும் சொன்னாரு.

அஞ்சுக்கு ரெண்டரை ஸ்டார் குடுக்கலாம், வெயிட்டுக்கும் மேல் தோலுக்கும். சோலுக்குத் தையல் போட்டு வித்தா மூணரை. இப்ப ரெண்டும் எங்க வீட்டு வாசக் கயித்துல தொங்குது, அடுத்த வருஷத்துக்கு டர்ஃப் ஷூ பாத்து வச்சிருக்கேன். சைஸ் 8, பாதம் குறுகலா இருக்குற ஆளு யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க, 300 ரூபாய்க்குத் தர்றேன், தங்கூசித் தையலுக்குத் தனியாக் காசு வேணாம்.